தங்கை வீட்டுக் கதவு

பூட்டு ரிப்பேர்காரரைத் தெருவில் எல்லோரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டின் வாயில் கம்பியை விட்டுக் காதை வைத்துக் கேட்பார். அரை நிமிடத்தில் கதவு திறந்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவருக்கு வினையாக வந்தது.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஒரு வீட்டுக்குள் நுழைய போலீசுக்கு நீதிபதியின் உத்தரவு தேவையில்லை. சந்தேகம் போதும். தட்டினால் உள்ளே இருப்பவர்கள் காகிதங்களைக் கொளுத்திவிடுவார்களாம்; அதனால் டாக்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதுவரை நான்கு வீடுகள். அங்கிருந்து கூட்டிப்போன ஒருவர்கூடத் திரும்பவில்லை. "நான் பூட்டைத்தானே தெறக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்வார். சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

அன்று மத்தியானம் ஐந்தாவது வீடு. பேக்கரி முனையில் ஜீப் திரும்பியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தங்கையின் தெரு. வேறு வீடாக இருக்கட்டும், வேறு வீடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஜீப் பச்சைக் கதவின் முன்னால்தான் நின்றது. அந்தப் பூட்டே அவர் போட்டுக் கொடுத்ததுதான். தங்கையின் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். பிடித்துப்போனவர்கள் எங்கே என்று கேட்டு மனு எழுதி, ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிய மனுஷன்.

"என்ன டாக்டர், நின்னுட்டீங்க? தெரிஞ்ச வீடா?" இன்ஸ்பெக்டர் காதோரம் கேட்டார்.

தெரியும் என்றால் தானும் உள்ளே போகவேண்டியதுதான். "இல்ல சார்." கம்பியை வேண்டுமென்றே நழுவவிட்டார். சத்தம் கேட்டு மாப்பிள்ளை பின்பக்கமாக ஓடிவிடமாட்டாரா?

கதவு உள்ளிருந்து திறந்தது. தங்கை நின்றாள்.

"தட்டியிருந்தா நானே தெறந்திருப்பேனே" என்றாள்.

அவளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவிடாமல் வாத்தியாரை இழுத்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று திரும்பி, டாக்டரைக் காட்டினார்.

"ஏம்மா, இந்த ஆளு உனக்குத் தெரிஞ்சவரா?"

தங்கை டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

ஜீப்பில் இடமில்லை, டாக்டரை நடந்து போகச் சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்தி உள்ளே இரண்டு முறை பூட்டும் சத்தம் கேட்டது.

அரை நிமிடத்தில் அவரால் திறந்துவிட முடியும். டாக்டர் கம்பியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே நின்றார்.