பலகையில் நகச்சுற்று

தைப்பூசத் தேருக்கு முன்னால் தேங்காய் உடைத்தபோது தெறித்த ஓடு என் இடது கால் பெருவிரலைக் கிழித்தது. உடைத்தவனும் நான்தான். ஆகவே திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிராணி (எழுத்தர்). டாக்டர் நோயைச் சொல்வார்; அச்சடித்த பட்டியலில் அதற்குரிய எண்ணைத் தேடிப் பதிவேட்டில் எழுதுவது என் பிழைப்பு. நோயின் பெயரும் எண்ணும் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் ஏறும். எந்த வார்டு, யார் வந்து பார்ப்பது, எல்லாம் பலகைப்படிதான்.

நகச்சுற்று (நக ஓரத்தில் சீழ் கட்டுவது) என்றால் தோல் வார்டு. டிரெஸ்ஸர் (புண்ணுக்குக் கட்டுப்போடுபவர்) களிம்பு தருவார். அழுகல் (சதை செத்துக் கறுப்பது) என்றால் அறுவை வார்டு. வெள்ளைக்கார டாக்டர் துரை கத்தியோடு வருவார்.

சுங்கை பாக்காப் ஊர்த் தோட்டத்துக் கூலி மாரிமுத்துவின் கால்விரலுக்கு அழுகல் எண்ணை எழுதியவன் நான். “விரலுக்கு ஒரு முத்தம் குடுத்துடுப்பா, நாளைக்கு ஊருக்குக் கெளம்புது” என்றேன். வராந்தாவே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

சில நாளில் என் விரல் தக்காளியாக வீங்கியது. நகத்தடியில் மிளகளவு கறுப்பு. மனைவி செல்லம்மா பார்த்துவிட்டாள்.

“ஏங்க, கறுப்பா இருக்கே?”

“ஆபீஸ் மை.”

“காலாலயா எழுதுறீங்க?”

காய்ச்சல் வந்ததும் பக்கத்து மேசைக் கிராணி காதரிடம் போனேன். ஊழியர்களை டாக்டர் பார்க்குமுன்பே வார்டில் சேர்த்துக்கொள்ளும் சலுகை எங்களுக்கு இருந்தது.

“காதரு, என்னை நகச்சுற்றுல போடு.”

“துரை பாக்கலையே அண்ணே.”

“பாத்தா வெட்டுவாருலா!”

“வம்புலா இது.”

“கால்ல விழட்டுமா தம்பி? என் கால்ல விழ முடியாது, வீங்கியிருக்கு. உன் கால்ல விழறேன்.”

எழுதிவிட்டான். எண் ஏறியதுமே பாதி வலி போயிற்று, சத்தியமாக. நோய் எண்ணுக்குக் கட்டுப்படும் என்று நம்பும் அளவுக்கு அந்தப் பட்டியலோடு குடித்தனம் நடத்தியிருந்தேன்.

டிரெஸ்ஸர் சாமிநாதன் பலகையைப் பார்ப்பார். “நானே கட்டிக்கிறேன்” என்று களிம்பை வாங்கிவிடுவேன். கறுப்பை அவர் கண்ணில் காட்டவில்லை.

ஒரு காலை வலி சுத்தமாக நின்றது. வார்டு முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாற்றம். பக்கத்துக் கட்டில்காரரைக் குளிக்கச் சொன்னேன். பாவம், குளித்துவிட்டு வந்தார். நாற்றம் போகவில்லை.

சாமிநாதன் மூக்கை உறிஞ்சியபடி வந்து என் துணியை அவிழ்த்தார். பெருவிரலும் அதற்கடுத்ததும் கரிக்கட்டை.

“கிராணியாரே, என்னய்யா இது?”

“பலகையில நகச்சுற்றுன்னு…”

“பலகையவா வெட்டப் போறாரு துரை?”

சிறுநீரைச் சோதித்தார்கள். நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை போகும் நோய்). சதை செத்ததால்தான் வலி நின்றதாம். துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சாமிநாதன் பூசி மெழுகாமல் தமிழில் சொன்னார்: “முதல்லயே காட்டியிருந்தா ஒரு வெரலு. இப்ப பாதிப் பாதம்.”

குளோரோபாம் (மயக்க மருந்து) கொடுக்குமுன் ஒரு நகைச்சுவைக்கு வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, அழுகைக்குச் சிரிப்பது என் ஒருவனின் வழக்கம்.

தன் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த மாரிமுத்து என் கட்டிலருகே நின்றான். செருப்புப் போட்டு நிமிர்ந்து நடந்து வந்திருந்தான்.

“எனக்கு ஒண்ணுதான் கெளம்புச்சு கிராணி. உங்களுக்குக் குடும்பத்தோட கெளம்பிடுச்சா?”

வார்டே சிரித்தது. அருமையான நகைச்சுவை. என்னால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

காலில் கறுப்புக் கண்டு இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் நோய்க்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். வலி நின்றால் காப்பி வாங்காதீர்கள். துணியை அவிழ்த்துக் காட்டுங்கள்.

வீடு திரும்பும் நாளில் காதர் நகச்சுற்றை அடித்து அழுகல் எண்ணை எழுதினான். முடிவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. அங்கே எழுத இருப்பவை குணம், மரணம், இரண்டுதான்.

“என்ன போடட்டும் அண்ணே?”

“குணம்னே போடு. இன்னொண்ணு போட்டா செல்லம்மா அழுவா.”

மறு தைப்பூசம். சப்பாத்தின் (பூட்ஸின்) முனையில் துணி அடைத்துக்கொண்டு தேர் பார்க்க நின்றேன். எனக்கு அது போன வருடத்துத் தேரேதான். இடையில் ஒரு நாளும் நகராதது போலிருந்தது. முன்னால் யாரோ தேங்காயை ஓங்கினார். அது தரையில் படுமுன்பே, இல்லாத பெருவிரலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.