உச்சி வெயிலில் விழுந்த மீட்டர் முள்

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் என் கணவருக்குத் தற்காலிக வேலை. படகுகளுக்கு வழிகாட்டும் விளக்கின் பேட்டரிக்கு வெயிலிலிருந்தே கரண்டு ஏற்றுவதற்காக, சோதனைக்கு ஒரு சோலார் தகடு வந்து இறங்கியது. சோதனை தேறினால் அவருக்கு இங்கேயே நிரந்தரம். தேறாவிட்டால் மெட்ராஸுக்கு மாற்றல். எனக்கோ இங்கே பள்ளிக்கூடத்தில் பௌதிக டீச்சர் உத்தியோகம், வயிற்றில் பிள்ளை. தகடு நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவருடைய மேலதிகாரி உப்பளக் குடும்பத்தில் பிறந்து எஞ்சினியருக்குப் படித்தவர். வெயில் ஏற ஏற உப்பு விளையும், ஆகவே கரண்டும் விளையும் என்பது அவர் சித்தாந்தம். தகட்டைக் கொண்டுபோய் ஷெட்டின் தகரக் கூரையோடு ஒட்டப் படுக்கவைத்தார்.

"தகரமும் காயும்லாவே, கீழ இருந்தும் சூடு கிடைக்கும்" என்று விளக்கம் வேறு. உப்புக் காற்று உள்ளே போகக் கூடாதென்று சுற்றிலும் சிமெண்டு பூசி அடைத்தார். உப்பளத்தில்கூடக் காற்று வீசாவிட்டால் உப்பு ஒழுங்காக விளையாது. அது அவருக்குத் தெரியும். பட்டம் வாங்கின அன்று மறந்திருக்க வேண்டும்.

காலையில், பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் காட்டும் மீட்டர் முள் ஜம்மென்று நிற்கும். மத்தியானம், மண்டை பிளக்கிற வெயிலில், கீழே விழுந்துவிடும். ஆபீஸே சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரம் என்பதால் தகட்டை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

கணவரிடம் சொன்னேன்: "அது குடிக்கிற வெயில்ல கொஞ்சந்தான் கரண்டாகுது. மிச்சமெல்லாம் சூடு. முதுகைத் தகரத்துல ஒட்டி, காத்தையும் அடைச்சா அந்தச் சூடு எங்க போவும்? சூடு ஏற ஏற வோல்ட் இறங்கும். பேட்டரி வோல்ட்டுக்குக் கீழ போனா எப்படிக் கரண்டு ஏறும்?"

ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ஆள் இல்லாதபோது, அவர் சிமெண்டைத் தட்டி எடுத்து மூலைக்கு மூலை செங்கல் வைத்துத் தகட்டைத் தூக்கிவிட்டார். கடல் காற்று அடியில் புகுந்து போக, மத்தியானமும் முள் விழாமல் நின்றது. வீட்டுக்கு வந்து மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் மேலதிகாரி கண்ணில் செங்கல் பட்டுவிட்டது.

"யாரைக் கேட்டுத் தூக்கினீருவே?"

"வீட்டுல சொன்னா சார், அவ பௌதிக டீச்சர். மத்தியானமும் முள்ளு நிக்கு சார்."

"அப்போ ஆபீஸையும் உம்ம வீட்டுக்காரியே நடத்தட்டும்."

செங்கல் போனது. சிமெண்டு முன்னைவிடத் தடிப்பாக வந்தது.

மெட்ராஸிலிருந்து பார்வையிட வந்தவர்களுக்கு நேரம் குறித்தவரும் அவரே. உச்சிப் பொழுது. அப்போதுதானே தகட்டின் பவிசு தெரியும்! முள் எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்தார்கள். வியர்வை சொட்டச் சொட்ட மேலதிகாரி தீர்ப்பு சொன்னார்: தூத்துக்குடியில் வெயில் போதாது. அவர்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தகடும் என் கணவரும் ஒரே வாரத்தில் மெட்ராஸுக்குப் போனார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் போய்க் காட்ட? வகுப்பில் வெப்பம் கடத்தல் பாடத்தைத் தொண்டை கிழிய நடத்தினேன்.

பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு லீவு கிடைத்தது. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை யாரோ என்று பயந்து வீறிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.