வெயிலில் காயப்போட்ட ஜாஸ்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், மட்டாஞ்சேரியில் துணி வெளுத்துத் தேய்ப்பவன்... ஜாஸ், சோல், ராக் என்று எழுத வந்திருக்கிறேன். கறை எடுப்பதைப் பற்றி எழுதினாலே தப்பு கண்டுபிடிக்கிற வாசகர்கள் நீங்கள். இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை சேவியர் சேட்டன் ஒரு அட்டைப்பெட்டியோடு எங்கள் வெளுக்கும் களத்துக்கு வந்தார். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக அவருடைய வெள்ளை முண்டுகள் என் கையில்தான்.

"செல்வா, இதொண்ணு அலக்கித் தரணும்டா."

துவைக்கத்தானே என்று திறந்தால்... துணி இல்லை. இசைத்தட்டுகள்! போன துறைமுகங்களில் எல்லாம் வாங்கிச் சேர்த்த முப்பது தட்டுகள். மழைக்காலத்துக்கு ஒரு படை வீதம் பூசணம் ஏறியிருந்தது.

"சேட்டா, நான் துணிக்காரனில்லையா?"

"என் முண்டுல இருந்த பூப்பலை எடுத்தது யாரு? இதுவும் அதே பூப்பல்தான்."

விஷயம் இதுதான். சேட்டனும் மனைவி ரோசி சேச்சியும் திருப்பூணித்துறையில் மகளின் ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார்கள். பேத்திக்கு மூச்சிரைப்பு. பூசண வாடை அடிக்கும் எதுவும் அங்கே வரக்கூடாது என்பது சேச்சியின் கட்டளை. வியாழக்கிழமை வண்டி. புதன் சாயங்காலத்துக்குள் வாடை போகாவிட்டால், பெட்டி பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடைக்கு!

கிளம்பும்போது ஒரு தட்டைத் தனியாகக் காட்டினார். உறையில் டிரம்பெட் ஊதும் ஒரு மனிதர். "எல்லாம் போனாலும் போகட்டும், மோனே. இது என் உயிரு."

புதன் காலை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஆரம்பித்தேன். நடுவிலுள்ள காகித வட்டத்தில் ஈரம் படாமல், பட்டுச்சேலை ஜரிகையைத் துடைப்பது மாதிரி துடைத்தேன். வாடை போயே போய்விட்டது. தட்டுகள் கரேலென்று பளபளத்தன.

அடுத்து நான் செய்ததுதான் கூத்து. எங்கள் தொழிலில் நனைந்தது எதுவானாலும் வெயிலுக்குப் போகும். யோசிப்பதே இல்லை — கை தானாகச் செய்துவிடும். அட்டை உறைகளைக் கொடியில் கிளிப் போட்டேன். முதலில் துடைத்த ஐந்து தட்டுகளைத் துவைக்கும் கல்லில் பரப்பிவிட்டு சாயா குடிக்கப் போனேன். பதினொரு மணி வெயில். கல் எப்படிக் காய்ந்திருக்கும்?

திரும்பி வந்தபோது என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "என்னங்க, அப்பளம் போட்டிருக்கீங்களா?"

நான்கு தட்டுகள் லேசாக நெளிந்திருந்தன. ஐந்தாவது, அப்பளமேதான். டிரம்பெட் தட்டு!

தேய்ப்புப் பெட்டியால் ஒரு அழுத்து அழுத்தலாமா என்று அவளைக் கேட்டேன்.

"மிச்சத்தையும் உருக்கப் போறீங்களா? போயி உள்ளதைச் சொல்லுங்க."

எனக்குச் சாதாரணமாகவே நாலு பேரிடம் பேச வராது. தப்பு செய்துவிட்டுப் பேசுவதென்றால்? மிச்சத் தட்டுகளையும் துடைத்து நிழலில் காயவைத்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். வாசலில் எல்லாம் மறந்துபோய், "சேட்டா, வெயில்ல போட்டுட்டேன்" என்று தட்டை நீட்டினேன்.

சேட்டன் தட்டை வாங்கினார். மூட்டை கட்டாமல் மிச்சம் வைத்திருந்த பிளேயரில் அதைப் போட்டார். ஊசி அலையில் மாட்டிய படகு மாதிரி ஏறி இறங்கியது. டிரம்பெட் தள்ளாடியது.

"குடிச்சிட்டு ஊதுறானோ?" என்றார் சேச்சி.

சேட்டன் சிரித்துவிட்டார். ஆனால் கை மட்டும் அந்த உறையைத் தடவிக்கொண்டே இருந்தது.

சேச்சி மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். "வாடையொண்ணும் இல்லல்லோ!" நடுவில் ஒரு சிவப்பு உறை. "இது எந்தா? நான் கேட்டதே இல்லியே."

"ஏதோ துறைமுகத்துல சும்மா குடுத்தது. சோல் பாட்டோ என்னமோ. போட்டதே இல்ல."

"போடு."

ஒரு கீறல் இல்லை. ஒரு பெண் குரல், அடிவயிற்றிலிருந்து எழுந்து, கெஞ்சி, அதட்டி, கடைசியில் சிரித்தது. சேட்டனின் பாட்டை நாற்பது வருடமாக 'சத்தம்' என்றே சொன்ன சேச்சி, கட்டிவைத்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருக்கா கூடி." சேட்டன் இன்னொரு தடவை போட்டார்.

பிறகு சேட்டன் தொடாமலே வைத்திருந்த மற்றவை வந்தன. ஒரு ராக் தட்டுக்கு சேச்சியின் கால் தாளம் போட்டது. "இதையெல்லாம் எதுக்குடா மூடி வெச்சேன்?" என்று சேட்டன் என்னைக் கேட்கிறார்!

நானா சொல்ல முடியும்? ஆனால் துணிக்காரனுக்கு ஒன்று தெரியும். ஆசையாகத் தினம் போடும் சட்டைதான் நைந்துபோகும். நமக்கு எடுக்காது என்று மடித்து வைத்தது பீரோவில் புதிதாகவே கிடக்கும். போட்டுப் பார்த்தால்தானே தெரியும், எடுக்குமா எடுக்காதா என்று?

டிரம்பெட் தட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "ஆடினாலும் என்னோடதுதானே" என்று பெட்டிக்குள் வைத்தார் சேட்டன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேச்சி முன் சீட்டில் போனார். சேட்டன் பின்னால், கட்டிலோடு போனார்.