தண்ணீர் குடிக்காத லைன்

காளியம்மாள் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பது ஓசூர் சிப்காட்டில் அவள் வேலை செய்த கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி. அதற்குப் பிறகு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி, வெயிலில் வளர்ந்த உடம்பு, அதனால் தாங்குகிறாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவளும் உள்ளூரப் பூரித்தாள். இதில் பூரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க அப்போது ஒரு ஆள் இல்லை.

அங்கே வண்டிகளுக்கான ஒயர்க்கட்டுகள் தயாராகும். பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பெண்கள் நின்றபடி அதில் ஒயரைப் பதித்து, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். பலகை நிற்க ஒரே வழி தலைக்கு மேலே ஓடும் மஞ்சள் கயிறு. வேலையில் பழுது கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும். சூப்பர்வைசர் ஓடி வந்து, நின்ற காரணத்தைப் போர்டில் எழுதிய பிறகுதான் லைன் மறுபடி ஓடும்.

பழுதுக்குக் கயிறு உண்டு, மனுஷிக்கு இல்லை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு சிவப்பு அட்டை. லைனுக்கு ஒன்றே ஒன்று. சூப்பர்வைசர் திம்மராயனின் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். அட்டையோடு போகிறவளின் இடத்தில் மாற்றாள் ஒருத்தி வந்து நிற்பாள். மாற்றாளும் அந்த ஒருத்திதான். அட்டையைக் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் வேலை செய்யும் பிரஸ் பகுதியைத் தாண்டிப் போக வேண்டும். தண்டோரா போடும் தமுக்கைக் கழுத்தில் கட்டி அனுப்பினாலும் இதைவிட மோசமாக இருந்திருக்காது.

அந்த வெட்கத்துக்குப் பயந்து பெண்கள் ஒரு சாப்பாட்டுச் சாஸ்திரமே உண்டாக்கி வைத்திருந்தார்கள். சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி ஆகாது. மோர் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ரசத்தை மோந்து பார்க்கலாம், ஊற்றிக்கொள்ளக் கூடாது. புளிச்சோறும் வறுத்த கடலையும் உத்தமம். எந்தக் காயில் நீர் அதிகம் என்பது எல்லோருக்கும் அத்துப்படி, தின்பதற்காக அல்ல, தவிர்ப்பதற்காக. இந்தச் சாஸ்திரத்துக்குப் பண்டிதர் காளியம்மாள்தான். பக்கத்துப் பலகையில் நிற்கும் கிருஷ்ணகிரிக்காரி காத்தூனுக்கு வெள்ளரி என்றால் உயிர். அவளையே ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே என்பார்கள். இந்த லைனில் இரண்டையும் சேர்த்தே அடக்கினார்கள்.

அடக்கியதற்குப் பலனும் கிடைத்தது. 2007 ஆயுத பூஜையன்று, அந்த வருடம் மிகக் குறைவாக நின்ற லைன் என்று இவர்களுக்குப் பரிசு. எல்லோருக்குமாக மேடையேறி வாங்கியவள் காளியம்மாள். பெட்டியைப் பிரித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், கம்பெனி பெயர் பொறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பூஜைப் பொரி தீர்வதற்குள் காளியம்மாளைக் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. இடது விலாவுக்குப் பின்னால் குத்துவலி. ஒண்ணுக்குப் போனால் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிச்சல். எரிச்சல் முன்பும் வந்ததுதான். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கியிருந்தாள். இந்தத் தடவை அடங்கவில்லை. லேத் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன் மாடசாமி லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று பெண் டாக்டர் கேட்டார்.

"வேலைக்குப் போனா தண்ணியே குடிக்க மாட்டேம்மா," என்றாள் காளியம்மாள், அந்த ஜுரத்திலும் கொஞ்சம் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சிறுநீரகம் ராத்திரி பகலா ரத்தத்தைக் கழுவிக்கிட்டே இருக்கும்மா. கழுவ அதுக்குத் தண்ணி வேணும். கழுவின அழுக்கு கீழ பையில வந்து சேருது. அதை நேரத்துக்கு வெளிய விடணும். அடக்கி வெச்சா தேங்கும், தேங்கினா கிருமி பெருகும். உங்களுக்கு அந்தக் கிருமி மேல ஏறி சிறுநீரகத்துக்கே போயிடுச்சு. இடது பக்கம் வீங்கியிருக்கு. இப்படியே திரும்பத் திரும்ப வந்தா சுருங்கிப்போகும். சுருங்கினது பழையபடி ஆகாது."

"அதுக்கு மருந்து இல்லையாம்மா?"

"ஊசி இப்ப வந்ததுக்கு. இனிமே வராம இருக்கத் தண்ணி குடிக்கணும், வரும்போது போகணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! வார்டில் படுத்துக்கொண்டு காளியம்மாள் அந்தச் சொல்லையே மென்றாள். முதலில் தன்மேலேயே கோபம் வந்தது. காலமெல்லாம் பட்டினி போட்டது வயிற்றைக்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உழைத்துக்கொண்டிருந்த ஒன்றை. பிறகு கோபம் மெல்ல நகர்ந்து, ஆணியில் தொங்கும் அட்டைக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"வேலைய விட்டுருட்டீ. வேற எங்கனயாவது பாப்போம்," என்றான் மாடசாமி.

"வேலையும் விட மாட்டேன், கிட்னியும் விட மாட்டேன். ரெண்டும் என்னோடது," என்றாள்.

திரும்பி வேலைக்குப் போன அன்று, பரிசு பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய்ப் பலகைக்குக் கீழே வைத்தாள். நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்தாள். திம்மராயன் பார்த்துவிட்டு வந்தான். தளி பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன்.

"ஏம்மா காளியம்மா, லைன்ல பாட்டில் வெக்கக்கூடாதுன்னு தெரியாதா?"

"நீங்க குடுத்ததுதான சார். கம்பெனி பேரு போட்டிருக்கு, பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அட்டை கேட்டாள்.

"டார்கெட் பின்னாடி போயிட்டிருக்குது. சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லி, அட்டையை ஆணியிலிருந்து எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டான்.

காளியம்மாள் தன் இடத்துக்கு வந்தாள். ஒரு பலகை வந்தது, அதை முடித்து அனுப்பினாள். அடுத்தது வந்தது. கையைத் தூக்கி மஞ்சள் கயிற்றை இழுத்தாள்.

விளக்கு எரிந்தது. பாட்டு ஒலித்தது. திம்மராயன் ஓடி வந்தான். "என்ன பழுது? எங்க?"

"பழுது ஒண்ணும் இல்ல சார். எனக்கு ஒண்ணுக்கு வருது. போயிட்டு வாரேன்."

கழுத்தில் ஒன்றுமில்லாமல் பிரஸ் பகுதியைத் தாண்டி நடந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டு வேலையை விட்டு எட்டிப் பார்த்த ஒருவனிடம், "என்னத்தப் பாக்க? உனக்கு வராதாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிதானமாகக் கைகழுவித் திரும்பி வந்தபோது லைன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. போர்டில் காரணம் என்ற இடத்தில் திம்மராயன் 'சொந்த விஷயம்' என்று எழுதியிருந்தான்.

"இது யாருக்கு சார் புரியும்? நடந்தத எழுதுங்க."

"அதைப் போய் போர்டுல எழுத முடியுமாம்மா? மேனேஜர் வந்து படிப்பாரு. அசிங்கம்."

"நாங்க கழுத்துல மாட்டிட்டுப் போகையில இல்லாத அசிங்கமா?"

அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினாள். உள்ளங்கையால் போர்டைத் துடைத்துவிட்டு, கொட்டை எழுத்தில் 'மூத்திரம்' என்று எழுதினாள். லைன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்காது," என்றான் திம்மராயன்.

"இல்லன்னா வந்து கேக்குதேன். ரெண்டு கிட்னியோட வந்து கேக்குதேன்."

லைன் ஓட ஆரம்பித்தது. சில பலகைகள்கூடத் தாண்டியிருக்காது, மறுபடி பாட்டு ஒலித்தது. கயிற்றில் இருந்தது காத்தூனின் கை. வாய் திறந்து அதிகம் பேசாதவள்.

"எனக்கும்தான் சார்," என்றாள். "கஷ்டப்பட்டுத் திரும்ப எழுத வேணாம். கீழ மேற்படின்னு போட்டுக்குங்க."

அன்று சாயங்காலம் மேனேஜர் வந்து போர்டைப் படித்தபோது, மேலே ஒரு மூத்திரமும் கீழே வரிசையாக மேற்படிகளும் இருந்தன. காளியம்மாளுக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்கள். எடுத்தால் அத்தனை கைகளும் கயிற்றுக்குப் போகும் என்று திம்மராயனே மேலே போய்ச் சொன்னானாம். இரண்டு மாற்றாட்கள் வந்தார்கள். அந்த லைனில் மட்டும் சிவப்பு அட்டை காணாமல் போனது, ஆணி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் மோரும் காத்தூனின் வெள்ளரியும் சேர்ந்தன.

அடுத்த ஆயுத பூஜையில் பரிசு பக்கத்து லைனுக்குப் போனது. அதே எவர்சில்வர் பாட்டில். அந்தப் பெண்கள் உலர்ந்த உதட்டோடு சிரித்து வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். காளியம்மாள் தட்டவில்லை. எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"வாங்கினாப் பத்தாது புள்ளைகளா, குடிங்க! குடிச்சிட்டுக் கயித்த இழுங்க!"