நான்காம் மாடியில் நீவெஸ்

எல்டா பூசெத்தோவின் நெஞ்சில் வட்டமாக ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. பதினேழாம் பேருந்தில் வந்தவள் என்பதற்கு அடையாளமாக அதில் பதினேழு என்று அச்சடித்திருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய எல்லோருக்கும் அப்படி ஒன்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள், மந்தை ஆடுகளுக்குச் சாயம் பூசுவது போல.

வெனிஸில் தான் பிறந்த தெருவுக்குள் அவள் அந்த எண்ணோடுதான் நுழைந்தாள். மகள் சாண்ட்ரா கையைப் பிடித்திருந்தாள். கடைசிப் பாலத்தை ஏறி இறங்கியதற்கே எல்டாவுக்கு மூச்சு வாங்கியது. வீடுகள் சூழ்ந்த சின்ன முற்றத்தின் மூலையில், உப்பும் புகையிலையும் விற்ற கடை இன்னும் இருந்தது. வாசலில் சிகரெட்டோடு நின்ற கடைக்காரன் பியேரோவுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் சொன்னான்.

"கழிப்பறை இங்க இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

எல்டா ஊர்ப் பேச்சில் பதில் சொன்னாள். "உங்கப்பன்கிட்ட உப்பு வாங்கினவளுக்கு நீ வழி சொல்றியாடா? நீ கால்சட்டை இல்லாம இந்த முற்றத்துல ஓடினத நான் பாத்திருக்கேன்."

பியேரோ வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தான். "நீவெஸ் அத்தையோட தங்கச்சியா? ஆஸ்திரேலியாக்காரியா?"

"அவளேதான்."

அவன் சிரிக்கவில்லை. மேலே நான்காம் மாடி ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டு, "இப்பவா வர்றீங்க?" என்றான்.

எல்டா கல்யாணமான கையோடு கணவன் துல்லியோவுடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியவள். கீலாங் ஊரில் ஒரு கார்த் தொழிற்சாலையில் இருக்கைத் துணி தைத்தே அவளுடைய நல்ல வயதெல்லாம் போனது. அக்கா நீவெஸ் வெனிஸிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூட அறைகளைக் கூட்டினாள், படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பணிவிடை செய்தாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவின் சாவுக்கு வந்து போனதற்குப் பிறகு எல்டா ஊருக்கு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி மட்டும். சிறு வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். குளிர் நாட்களில் நீவெஸ் தன் பனிக்கட்டிப் பாதங்களைத் தங்கையின் கெண்டைக்காலில் வைத்துச் சூடேற்றுவாள், இவள் திட்டுவாள். அந்தக் கட்டிலில், அக்காவின் பக்கத்தில், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் போதும் என்பதுதான் எல்டாவின் கடைசி ஆசையாக மிஞ்சியிருந்தது.

ஆனால் நுரையீரலில் ரத்தம் கட்டிய நாளிலிருந்து விமானம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிட்னியிலிருந்து உலகைச் சுற்றும் கப்பல் ஒன்று வெனிஸில் ஒரு பகல் நிற்கும் என்று சாண்ட்ராதான் கண்டுபிடித்தாள். அதே கப்பலில்தான் திரும்பவும் வேண்டும். இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லை.

மாடி ஏறவும் எல்டாவால் முடியாது. நீவெஸுக்கோ இடுப்பு போய்விட்டது. அவள் தரைக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. அந்த வீடுகளுக்கு மின்தூக்கி கிடையாது. அதனால் நோயாளிகளை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லும் ஆட்கள் இருவரை நீவெஸ் பியேரோ மூலம் பேசி வைத்திருந்தாள். காலையில் அக்காவைக் கீழே இறக்குவார்கள், முற்றத்தில் இருவரும் உட்காரலாம், பிறகு ஏற்றிவிடுவார்கள் என்பது ஏற்பாடு.

காற்று பலமாக இருந்ததால் கப்பல் தெற்கே தள்ளியிருக்கும் ரவென்னா துறைமுகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து பேருந்து, பேருந்திலிருந்து படகு. காலை என்பது பிற்பகலாகிவிட்டது.

"கொண்டு வந்து இறக்கினாங்க," என்றான் பியேரோ. "இதோ, என் கடை வாசல்லதான் உக்காந்திருந்தா. தலைக்குச் சுருள் போட்டு, அம்மாவோட ப்ரோச்ச சட்டையில நகையா குத்தி, கல்யாணப் பொண்ணு மாதிரி. 'அவ கங்காருமேல ஏறி வர்றா போல, அதான் நேரமாகுது'ன்னு கிண்டல் வேற."

"நான் பஸ்ல இருந்து போன் பண்ணேனே. எத்தனை தடவ பண்ணேன்."

"கேட்டுச்சு. ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. மேல மணி அடிக்குது, கீழ அவ உக்காந்திருக்கா. மணி அடிக்குதுன்னு அவ காதுல நான்தான் கத்தினேன். 'அது எல்டாதான், அது எல்டாதான்'னு நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தா. ஒருத்தன் ஓடினான். நாலாம் மாடிக்கு அவன் போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுபோச்சு. அப்புறம் அவங்களுக்கும் வேற ஆள ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். முடிஞ்ச மட்டும் நின்னாங்க. ஏத்தி விட்டுட்டுப் போயிட்டாங்க."

"திரும்பக் கூப்பிட முடியாதா?"

"கேட்டேன். நாளைக்குத்தான் முடியுமாம்."

நாளைக்குக் கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

பியேரோ இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். நான்காம் மாடி ஜன்னலில் சுருள் முடித் தலை ஒன்று தெரிந்தது. எல்டா அண்ணாந்தாள். வெயில் கண்ணில் விழுந்தது.

"என்னடி இப்படிப் பெருத்துட்ட?" என்று மேலிருந்து வந்தது குரல்.

"நீ மட்டும் என்ன? கருவாடு மாதிரி இருக்க."

"என்ன?"

"கருவாடு!"

"கத்திப் பேசு, காது போச்சு."

கத்துவதற்கு எல்டாவிடம் மூச்சு இல்லை. சாண்ட்ரா கைபேசியை நீட்டி, பெரியம்மாவின் எண்ணுக்குப் போடட்டுமா என்றாள். அந்தத் தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது. அக்கா அங்கே போனால் குரல் கேட்கும், முகம் போய்விடும். முகத்தைப் பார்த்தால் குரல் இல்லை. எல்டா வேண்டாம் என்று தலையாட்டினாள். குரலைத்தான் எல்லா ஞாயிறும் கேட்கிறாளே.

பிறகு அக்கா வீட்டு வாசலுக்குள் நுழைந்தாள். மற்ற மாடிகளெல்லாம் இப்போது வாடகைக்கு வந்து போகிறவர்களுக்கு. கதவுகளில் சாவிப் பெட்டிகள் தொங்கின. படியில் முதல் திருப்பம் வரை ஏறினாள். அங்கே சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அம்மா, போதும்," என்றாள் சாண்ட்ரா.

"இன்னும் கொஞ்சம்."

"செத்துப்போவே."

"அக்கா வீட்டுப் படிதானே."

சாண்ட்ரா அழுதுகொண்டே பியேரோவைக் கூப்பிட்டாள். அவனுடைய முதுகும் இந்தக் காரியத்துக்கு ஆகாது. இருவரும் அவளைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, சாண்ட்ரா தனியாக மேலே ஓடினாள்.

அவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கன்னம் சிவந்திருந்தது.

"என் முகத்தப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லம்மா. உன் பேரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

"கை எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு."

எல்டா மகளை இழுத்து அந்தக் கன்னத்தை முகர்ந்து பார்த்தாள். தான் பெற்ற பிள்ளை மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. சட்டென்று மகளை விட்டுவிட்டாள்.

மேலே ஏதோ உரசும் சத்தம். நீவெஸ் தினமும் ரொட்டி வாங்கும் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் ஒன்றும் இல்லை. அது எல்டாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. எல்டா கூடையைத் தொடவில்லை, கயிற்றைப் பிடித்தாள். மேலிருந்து மெல்ல ஒரு இழுப்பு வந்தது. இவளும் இழுத்தாள். அக்காவின் கை நடுங்குவது கயிறு வழியே உள்ளங்கைக்குத் தெரிந்தது.

இரண்டாம் மாடியில் தங்கியிருந்த இளம் ஜோடி ஒன்று வெளியே வந்தது. அழகான காட்சி என்று படம் எடுத்தார்கள். பியேரோ அவர்களைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். அவர்கள் புரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாண்ட்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். படகைத் தவறவிட்டால் பேருந்தும் போய்விடும்.

"அம்மா."

"என்னை இங்கயே விட்டுட்டுப் போ."

"மருந்தெல்லாம் கப்பல்ல இருக்கு. இங்க எங்கம்மா படுப்ப? மேல போகவே முடியல."

மேலிருந்து நீவெஸ் எதைப் புரிந்துகொண்டாளோ, "விடுடி, நேரமாச்சு," என்றாள்.

"நீ விடு," என்று இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள் எல்டா.

"நான் விட்டா கூடை கீழ போயிடும். நாளைக்கு ரொட்டிய எதுல வாங்குவேன்?"

எல்டா கயிற்றை விட்டாள்.

கூடை சுவரில் இடித்து இடித்து மேலே போனது. அது ஜன்னலுக்குள் போவதை அவள் பார்க்கவில்லை. பாலம் வரை பியேரோவும் கூட வந்தான். பாலத்தடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவ வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ஆளுங்கள நாள் முழுக்கப் பேசி வச்சிடுறேன்," என்றான்.

"சொல்றேன்," என்றாள் எல்டா.