சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் கடை செல்வம் அண்ணாச்சி இறந்துவிட்டார். காலையில் ஸ்கூல் குரூப்பில் பார்த்தேன்.

"நேர்மையின் மறுபெயர்" என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். மன்னிக்கவும். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்ததற்கு, ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்த அப்பா நாலு மாதம் பணம் சேர்த்து எனக்குக் கொடுத்த பரிசு, கம்ப்யூட்டரில் கேம் ஓட ஒரு கிராபிக்ஸ் கார்டு. அண்ணாச்சி கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது.

"த்ரீடி கேம் எல்லாம் பறக்கும் பாப்பா" என்றார். பில்லிலும் த்ரீடி கார்டு என்றே எழுதினார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. கார்டின் நடுவில் இருந்த சிப் முழுக்கச் சந்தனம், மேலே குங்குமம். "சாமி கும்பிட்ட கார்டு. அழிச்சிராத."

நானும் பயபக்தியோடு... அழிக்கவில்லை.

அப்புறம் ஒரு பத்திரிகையோடு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிடி இலவசமாக வந்தது. உள்ளே ஒரு கார் ரேஸ் கேம். இன்ஸ்டால் செய்யும்போது கார்டின் பெயர் என்ன என்று கேட்டது. பில்லில் இருந்த பெயரைக் கொடுத்தேன்.

ஸ்கிரீன் முழுக்கப் பச்சைக் கோடு. நான்கு நாளாகப் பச்சைக் கோடுதான்.

அண்ணாச்சி போட்டுக் கொடுத்த விண்டோஸ், அண்ணாச்சி சொன்ன பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸுக்கு அவரைத் தெரியாது.

சிடியில் இருந்த குறிப்புகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். 'சந்தேகம் இருந்தால் சிப் மேல் அச்சிட்ட நம்பரைப் பார்க்கவும்.' பஞ்சை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

அடியில் வேறு நம்பர். த்ரீடி என்றால் என்னவென்றே தெரியாத பழைய சிப்.

அந்த நம்பரைக் கொடுத்ததும் ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது. கேமும் ஓடியது. ஓடியது என்றால்... கார் ஒரு வளைவு திரும்புவதற்குள் லைப்ரரி புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிடலாம்.

அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பில்லுல இருக்க கார்டு இது இல்ல அண்ணாச்சி. நம்பர் வேற."

அவர் கார்டை வாங்கி, கடையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளா? சாமிக்கு வச்ச சந்தனத்தச் சொரண்டிட்டு வந்து நிக்கா. பொறவு எப்படி ஏட்டி கேம் ஓடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "பொம்பளப்புள்ளைக்குக் கார் ரேஸ் வேறயாக்கும்" என்றார் ஒருவர்.

அப்பா நம்பரைப் பார்க்கவே இல்லை. "சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

என் அப்பா. அந்த ஆளை.

அண்ணாச்சி டிராயரில் இருந்து சந்தன டப்பாவை எடுத்தார். அதே சிப்பில், அதே நம்பர் மேல் அப்பி, பொட்டு வைத்துக் கொடுத்தார். "இந்தா. இனிமே ஓடும்."

பஸ் ஏறினோம். ராஜபாளையம் வரும்வரை கார்டு என் மடியில். ஈரச் சந்தனம் பாவாடையில் ஒட்டிக்கொண்டே வந்தது.

இன்று குரூப்பில் அவர் படம். மாலை. நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அங்கே பெயர் கேட்டால், பில்லில் இருப்பதைச் சொல்லாதீர்கள்.