மஞ்சள் பூசிய நிலை

ஜெர்மனியில் ஹெஸ்ஸன் பக்கத்துக் கிராமத்தில், மரச்சட்டங்களுக்கு நடுவே மண் அப்பிக் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்து நடந்தே கால் கடுத்துவிட்டது. தங்கியிருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், வீட்டுக்காரம்மாள் வாசல் நிலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எந்தக் காலத்திலோ அந்த வீட்டைக் கட்டிய கணவன் மனைவியின் பெயர்கள் செதுக்கிய மரம். அந்த எண்ணெய் வாசனை என்னைச் சிங்கப்பூரில் நான் வளர்ந்த உட்லண்ட்ஸுக்கு இழுத்துப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த அலுப்போடு, கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல், அம்மா எங்கள் எட்டாம் மாடி வீட்டு நிலையை ஈரத்துணியால் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். கீழே எல்லை தாண்டி ஜொகூர் போகும் பேருந்துகள் உறுமிக்கொண்டே இருக்கும். எங்கள் பள்ளிச் சட்டைகளில்கூட அந்த எண்ணெய் வாசம் ஒட்டியிருக்கும்.

எங்கள் அடுக்குமாடி பிளாக்கை இடிக்கப்போகிறார்கள் என்றாகி, சாமான்களெல்லாம் செங்காங்கில் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சாவியை ஒப்படைக்கும் அன்றும் அம்மா மஞ்சள் குழைத்தார்.

“இடிக்கத்தானே போறாங்க லா. யாரு பாக்கப்போறா?” என்றார் அப்பா, லிஃப்டைப் பிடித்து வைத்தபடி.

அம்மா நிமிரவில்லை. “இடிக்க வர்றவங்க பாப்பாங்கல்ல.”